மரத்தில் கட்டிய சோறு

முதல் நாள், ஏப்ரல் 13: திருச்சி, கல்லணை

இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தினேன். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் வருஷா வருஷம் வரும் பாடம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சி கண்டோன்மெண்டில் டாக்டர் ராஜன் வீட்டிலிருந்து புறப்பட்டார்கள். 150 மைல் நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தார்கள். 30ஆம் தேதி உப்பு எடுத்து ராஜாஜி கைதானார். தேதிகளைக் கரும்பலகையில் எழுதி, அடிக்கோடிட்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

வழியில் நடந்த ஒன்றைக் கதைபோலச் சொல்வதுண்டு. அப்போது தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், நடந்து வருகிறவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று ஊர் ஊராக எச்சரித்திருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோரத்து மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வந்தவர்கள் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டார்கள்.

ஒரு வருஷம் எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, “டீச்சர், சோறு கட்டினவங்க பேரெல்லாம் என்ன?” என்று கேட்டாள். “அதெல்லாம் யாருக்கும் தெரியாதும்மா” என்றேன். “ராஜாஜி பேரு தெரியுது, கலெக்டர் பேரு தெரியுது. சோறு போட்டவங்க பேரு மட்டும் தெரியலையா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இப்போது முப்பது வயதாவது இருக்கும். அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

போன வருஷம் பணி ஓய்வு. அந்தப் பாதையை ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று இன்று கிளம்பியிருக்கிறேன். முழங்கால் நடக்க விடாது. எவ்வளவு முடியுமோ அவ்வளவும் டவுன் பஸ்ஸில், ஆறு நாள். கிளம்பியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை எழுத இன்று மனசு வரவில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கல்லணை பஸ். காலைச் சந்தையில் கீரையும் முருங்கைக்காயும் விற்று முடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் காலிக் கூடைகளோடு ஏறினார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கண்டக்டர் பூஜ்யம் போட்ட சீட்டைக் கிழித்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்குப் பின்சீட்டில் இருந்தவர், ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை, “ஓசி டிக்கெட்டுக்கு உக்கார எடம் வேற. காசு குடுத்தவன் நிக்கிறான்” என்றார். அவர் நிற்கவில்லை, உட்கார்ந்துதான் இருந்தார்.

கூடைக்காரம்மா ஒருவர் எழுந்திருக்கப் போனார். அந்த எழுகை எனக்குப் பொறுக்கவில்லை. நான் திரும்புவதற்குள் கண்டக்டர், இருபத்தைந்து வயதுப் பையன், சீட்டுப் புத்தகத்தை மடித்து வைத்துவிட்டு வந்தார். “சார், அவங்க கையில இருக்கறதும் டிக்கெட்டுதான், உங்க கையில இருக்கறதும் டிக்கெட்டுதான். அவங்களுக்கான காச அரசாங்கம் கட்டுது. நீங்க உக்காருங்கம்மா” என்றார். சத்தமே போடவில்லை. அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கூடையிலிருந்து மிச்சமிருந்த ஒரு முருங்கைக்காயை எடுத்துக் கண்டக்டரிடம் நீட்ட, அவர் வேண்டாம் என்று கும்பிட்டு விசில் ஊதினார்.

மேட்டூர் ஜூனில்தான் திறப்பார்கள். கல்லணையில் ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. மதகுகளின் நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள், ஏப்ரல் 14: தஞ்சாவூர், கும்பகோணம்

தமிழ்ப் புத்தாண்டு. தஞ்சாவூரில் இறங்கவில்லை, கூட்டம்.

கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வீடு எங்கே இருந்தது என்று தேடினேன். முன்னாள் சட்டசபை உறுப்பினர். கலெக்டர் உத்தரவு தெரிந்தே தொண்டர்களைத் தன் வீட்டுக்கு அழைத்து இலை போட்டார். ஆறு மாதம் சிறை. மரத்தில் கட்டியவர்களைப் போல மறைந்து செய்யாமல், வாசலைத் திறந்து வைத்துச் செய்த மனிதர். இரண்டு விதமும் எனக்குப் பெரிதாகத்தான் படுகிறது. அன்றைய நிலையில் ஒரு கூலிக்காரக் குடும்பம் ஆறு மாதச் சிறையைத் தாங்கியிருக்காது. அவர்களால் முடிந்தது மரக்கிளை.

நான் கேட்ட யாருக்கும் வீடு தெரியவில்லை. காபிக் கடையில் இருந்த பெரியவர் ஒருவர் பாதி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு, “வாங்க, எனக்கும் தெரியாது, ரெண்டு பேருமா தேடுவோம்” என்று கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரம் வெயிலில் தெருத் தெருவாக அலைந்தோம். கிடைக்கவில்லை. திரும்பி வந்தபோது கடைக்காரர் அவர் டம்ளரை எடுத்துவிட்டுப் புதுக் காபி போட்டுக் கொடுத்தார், எனக்கும் சேர்த்து. காசு வாங்கவில்லை. “வருஷப் பொறப்பன்னிக்கு வந்திருக்கீங்க” என்றார்.

மூன்றாம் நாள், ஏப்ரல் 15: மன்னார்குடி

இன்று நடந்ததை எழுத வேண்டுமென்றால் அந்த இன்னொரு காரணத்தையும் எழுதியாக வேண்டும்.

அப்போது எனக்கு முப்பது வயது. ஒரு ராத்திரி பஸ். முன்சீட்டில் கல்லூரிப் பெண் ஒருத்தி, பக்கத்தில் அவளுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆள். அவன் கை எங்கே போகிறது என்பது சீட்டு இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. அவள் ஜன்னலோடு ஒட்டிச் சுருங்கிக்கொண்டே போனாள். ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறவளைப் போலத் தலையைச் சாய்த்தும் கொண்டேன். கொஞ்ச நேரத்தில் “நிறுத்துங்க, எறங்கணும்” என்ற குரல் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். ஒரு டீக்கடை விளக்குகூட இல்லாத நிறுத்தம். அது அவள் ஊராக இருக்க முடியாது. பஸ் கிளம்பிவிட்டது.

முப்பத்தொரு வருஷமாகிறது. வகுப்பில் எத்தனையோ பெண்களுக்கு ‘தைரியமாக இரு’ என்று சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்த இருட்டு நிறுத்தம் கண்முன் வரும்.

இன்று கும்பகோணத்திலிருந்து நீடாமங்கலம் வழியாக மன்னார்குடி பஸ். நிற்க இடமில்லை. எனக்கு மூன்று வரிசை முன்னால் சுடிதார் போட்ட ஒரு பெண் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பின்னால் ஒருவன். பஸ் குலுங்காதபோதும் அவன் சாய்ந்தான். அவள் பையை முதுகுக்கு மாற்றிக்கொண்டாள். அவன் பக்கவாட்டில் வந்தான். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. என்ன சொல்ல, யாரிடம் சொல்ல, அவளுக்கு அசிங்கமாகிவிட்டால் என்ன செய்ய என்று வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். மடியில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா. எழுபதைத் தொடும் வயது, வெற்றிலை வாய்.

“ஏ ஆயி! நம்ம மீனாட்சி பேத்திதானே நீ? இங்க வா, இந்தக் கூடையக் கொஞ்சம் புடி.”

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். “ஒன்னத்தான் ஆயி. வா, வா.” கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். பாட்டி நகர்ந்து தன் சீட்டில் பாதியை ஒழித்துக் கொடுத்து, அவள் மடியில் கூடையை வைத்தார். அதற்குப் பிறகுதான் அவன் பக்கம் திரும்பினார். பஸ் முழுக்கக் கேட்கிற குரல். “இப்ப யாரு மேல சாயப் போற? கம்பி இருக்கு பாரு, அதுல சாயி.”

எல்லாத் தலையும் திரும்பியது. “பஸ்ஸு ஆடுதுல்ல” என்றான் அவன். “ஆடுறப்போ சாஞ்சத நான் சொல்லல” என்றார் பாட்டி. அந்த நேரத்தில்தான் எனக்கும் வாய் திறந்தது. “நானும் பார்த்தேன்” என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. பின்னாலிருந்து ஒரு பையன், “நானும் பார்த்தேன்க்கா” என்றான். கண்டக்டர் முன்னால் வந்து, பெண் பயணிகளிடம் தப்பாக நடப்பவரை இறக்கிவிடவோ போலீசில் ஒப்படைக்கவோ தனக்கு உரிமை உண்டு, இறங்குகிறாயா ஸ்டேஷனுக்கு விடட்டுமா என்று கேட்டார். 2022இல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். முறைத்துப் பார்ப்பது, சீட்டியடிப்பது, கண்ணடிப்பது எல்லாமே அதில் வரும். அவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனான்.

கொஞ்ச தூரம் போன பிறகு அந்தப் பெண் மெதுவாக, “பாட்டி, நான் மீனாட்சி பேத்தி இல்ல” என்றாள்.

“தெரியும் ஆயி” என்றார் பாட்டி. “நீ கூடைய வெச்சுக்க. நான் நீடாமங்கலத்துல எறங்கறப்போ வாங்கிக்கிறேன்.”

முதலில் அவனைத் திட்டவில்லை, அந்தப் பெண்ணை அங்கிருந்து எடுத்துவிட்டார். எல்லோர் முன்னாலும் ‘என்னை இப்படிச் செய்கிறான்’ என்று அவள் சொல்ல வேண்டிய கட்டாயம் வரவில்லை. எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. நீடாமங்கலத்தில் இறங்கும்போது பாட்டி ஒரு முழம் கதம்பத்தைக் கிள்ளி அவள் தலையில் வைத்தார். என்னைப் பார்த்து, “நல்லவேள, நீங்களும் சொன்னீங்க. ஒத்தக் கொரலா இருந்தா கெழவி ஒளறுதும்பான்” என்றார்.

மன்னார்குடியில் ராஜகோபாலசாமி கோயில் பெரியது என்பார்கள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன். அறையில் வந்து படுத்ததும் அழுகை வந்தது.

181 பெண்களுக்கான உதவி எண். கைப்பேசியில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள், ஏப்ரல் 16: திருத்துறைப்பூண்டி வழியில்

நேற்று கிடைத்த தைரியத்தோடு இன்று கிளம்பினேன். அந்தத் தைரியம் எனக்கு ஒரு பாடம் வைத்திருந்தது.

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே ஒரு கிராமத்தில் இறங்கினேன். ஊர்ப் பெயர் வேண்டாம், காரணம் புரியும். சாலையோரத்துப் புளியமரங்கள் பழையதாக இருந்தன. பொட்டலம் கட்டிய மரம் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று பார்க்க ஆசை. உளுந்து அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. டீக்கடையில் நாலைந்து பேர். பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார்கள். சற்றுத் தள்ளி, மரத்தடியில், ஒரு பெரியவர் நின்றுகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள்.

பைக்கில் வந்த பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். வந்த வேகத்திலேயே, “டேய், வண்டிய நகத்துடா, நான் எங்க நிறுத்துறது?” என்றான். நான் வேறு யாரையோ சொல்கிறான் என்று நினைத்தேன். பெரியவர் டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து சைக்கிளை நகர்த்தினார். தோளில் கிடந்த துண்டு கைக்கு இறங்கிவிட்டிருந்தது.

“தம்பி” என்றேன். “அவருக்கு உங்க தாத்தா வயசு இருக்கும். மரியாதையாப் பேசுங்க.”

பையன் என்னைப் பார்த்தான். “நீங்க எந்த ஊரு?” என்றான். கோபமாகக் கேட்கவில்லை. அளந்து பார்க்கிற மாதிரி கேட்டான். நான் ஊரைச் சொன்னேன். “டீச்சரா இருந்தேன். உங்க வயசுப் பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். பெரியவங்களை நீங்க, வாங்கன்னு கூப்பிடறதுல ஒண்ணும் குறைஞ்சு போயிடாது.” பெஞ்சில் இருந்த யாரும் பேசவில்லை. கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பையன் ஒரு சிகரெட் வாங்கிக்கொண்டு, பெரியவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். அந்தப் பார்வையை நான் கவனித்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தார். கடை கண்ணுக்கு மறைந்த பிறகு பேசினார்.

“அம்மா, நல்ல மனசுல சொன்னீங்க. ஆனா நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க. நான் நாளைக்கும் இங்கதான் டீ குடிக்கணும். அவங்க வயல்லதான் வேல பாக்கணும்.”

என்னிடம் பதில் இல்லை. “தப்புப் பண்ணிட்டேனா ஐயா?” என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “தப்புன்னு சொல்லல. என்னை யாரும் இப்பிடிக் கேட்டதில்ல, எனக்காக. ராத்திரி படுத்தா அது நெனப்பு வரும். காலையில எந்திரிச்சா பயமும் வரும்” என்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவர் சொன்னபடியே ஆயிற்று.

திருத்துறைப்பூண்டியில் அறை எடுத்துத் தங்கினேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. எனக்கும் பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கண்ணாடி டம்ளர். அவர் கையில் இருந்தது காகிதக் கப். நான் அங்கே இருந்த அரை மணி நேரமும் என் கண் முன்னால்தான் இருந்தது. ‘வாடா போடா’ காதில் விழுந்தது, கப் கண்ணில் விழவில்லை. பந்துலு ஐயர் வாசலைத் திறந்து வைத்தார், தண்டனையைத் தானே வாங்கிக்கொண்டார். நான் பேசிய பேச்சுக்கு யார் தண்டனை வாங்குவது? இதை நினைத்துக்கொண்டே ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்தேன்.

ஐந்தாம் நாள், ஏப்ரல் 17: வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு ரயில். 37 கிலோமீட்டர். பல வருஷம் நின்று கிடந்த பாதை, அகலப்பாதையாகி 2023 ஏப்ரல் 8இல் மறுபடி ஓட ஆரம்பித்தது. கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு, தோப்புத்துறை. ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தேன். தலை இல்லாத தென்னைகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன.

அதைப் பற்றி ஆட்டோக்காரத் தம்பியிடம் கேட்டேன். 2018 நவம்பர் 16, கஜா புயல். “விடிஞ்சு பாத்தா ஊரே படுத்துக் கெடந்துச்சும்மா. ரோட்டுல எங்க பாத்தாலும் மரம். தண்ணி இல்ல, கரண்டு இல்ல. வெளி மாவட்டத்துலேருந்து கரண்டு ஆபீசுக்காரங்க வந்து வயக்காட்டுச் சேத்துல நின்னு கம்பம் நட்டாங்க. அவங்களுக்கு எங்கம்மா இருந்த அரிசியப் போட்டுக் கஞ்சி காச்சிச்சு. எங்களுக்கே ரெண்டு நாளைக்குத்தான் இருந்துச்சு அரிசி. ஏம்மான்னு கேட்டேன். அவன் பெத்தவ அங்க என்ன நெனச்சுக்கிட்டு இருப்பாளோன்னு சொல்லிச்சு.” அவருக்கு 1930 கதை தெரியாது. நான் சொன்னேன். ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார்.

வேதாரண்யேஸ்வரர் கோயிலில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. வேதங்கள் பூசித்து அடைத்த கதவு திறக்காமல் கிடந்தது. திருநாவுக்கரசர் திறக்கச் சொல்லிப் பாடினார். பத்துப் பாட்டு வரை கதவு அசையவில்லை. பதினோராவதில் ‘இரக்கம் ஒன்றிலீர்’ என்று இறைவனைப் பார்த்தே சொல்லிவிட்டார். அப்புறம்தான் திறந்தது. சிறு வயதில் கேட்டபோது பாட்டின் மகிமை என்று நினைத்தேன். இன்று அந்த வாசலில் நின்றபோது, உனக்கு இரக்கமே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன அந்த வரியைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இந்த ஊர்க்காரர் இன்னொருவர், வைரப்பன். நாவிதர். சத்தியாகிரகிகளை அடித்த போலீசாருக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று சொல்லிச் சிறைக்குப் போனார். தொண்டர்களுக்கு முகாம் கொடுத்த சர்தார் வேதரத்தினம் பிள்ளையும் இந்த ஊர்தான். பின்னால் 1946இல் பெண் குழந்தைகளுக்காகக் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கியவரும் அவரே. இங்கே சத்தியாகிரகத்தில் சிறை சென்ற ருக்மணி லட்சுமிபதியைப் பற்றி என் பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. ஒரே ஒரு வரி.

மூன்று மணிக்கு அகஸ்தியம்பள்ளி. உப்பெடுத்த இடத்தில் நினைவுத் தூண். ஏப்ரல் 30 வந்தால் இங்கே உப்பு அள்ளி நினைவுகூர்வார்கள். இன்று ஆள் இல்லை. தூணைத் தாண்டி உப்பளம், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. வெள்ளை வெயில் கீழிருந்தும் அடிக்கிறது. வரப்பு மேல் கொஞ்ச தூரம் நடந்தேன். கொண்டு போன தண்ணீர் பாட்டில் எப்போதோ காலி. கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பாத்தியில் நீளக் கைப்பிடிப் பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்த பெண் ஒருவர், பலகையைப் போட்டுவிட்டு வந்தார். நாற்பது வயதிருக்கலாம். முகத்தைச் சுற்றித் துணி, ஆம்பளைச் சட்டை. அவருடைய தண்ணீர்க் கேனில் கால்வாசிதான் இருந்தது. வீட்டிலிருந்து சுமந்து வருகிற தண்ணீர். சுற்றிலும் தண்ணீர் நிற்கிற இடம், ஒரு வாய் குடிக்க முடியாது. என் முகத்தில் அடித்து, பின்கழுத்தை நனைத்து, குடிக்க வைத்தார். அப்புறம் தூக்குவாளியிலிருந்து உப்புப் போட்ட நீராகாரம். நான் போதும் என்றேன். “குடிங்க. எனக்கு வேல முடியப் போவுது” என்றார். முடியப் போவதில்லை என்று தெரிந்தது. வார வேண்டிய பாத்தி இன்னும் இரண்டு கிடந்தது.

பேர் கேட்டேன். சொன்னார். எழுதலாமா என்றதற்கு வேண்டாம் என்றார். “பேர எழுதாதீங்க. வேற ஒண்ணு எழுதுங்க.”

“என்னம்மா?”

“நீங்க மயக்கமா வந்தப்ப உக்காரவெக்க நெழலு இல்ல பாத்தீங்கள்ல? எங்களுக்கும் இல்ல. விடியறதுக்கு முன்னாடி வருவோம், வெயில் ஏறுனா கண்ணு கூசும். காலு புண்ணாப் போவும். ஒதுங்கணும்னா ஒரு மறைவு கெடையாது. அதனால தண்ணியே கொறச்சுத்தான் குடிக்கிறது. மழ வந்தா மூணு மாசம் வேலயும் இல்ல. பொம்பளையா வந்திருக்கீங்க. ஒதுங்க எடம் இல்லன்னு, அத எழுதுங்க.”

எழுதுகிறேன். அவர் வேலை செய்யும் பாத்திகளைச் சுற்றி நான் பார்த்த வரைக்கும் ஒரு கொட்டகை இல்லை, ஒரு கழிப்பறை இல்லை. தன் உடம்புக்கே அளந்து குடிக்கும் தண்ணீரை எனக்குக் கொடுத்தார். நாம் தினம் சோற்றில் போடும் உப்பு இப்படிப்பட்டவர்கள் கையிலிருந்து வருகிறது. இதைப் படிக்கிறவர்களில் அதிகாரிகள், நிருபர்கள், உப்பள உரிமையாளர்களைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அகஸ்தியம்பள்ளிக்குப் போய் அந்த வரப்பில் நின்று பாருங்கள். மதியம் மூன்று மணிக்குப் போங்கள்.

கிளம்பும்போது என் குடையை அவரிடம் கொடுத்தேன். காற்றில் நிற்காது என்று சிரித்தார். பிறகு, “மவளுக்கு ஆவும், பள்ளிக்கூடம் போறா” என்று வாங்கிக்கொண்டார்.

ஆறாம் நாள், ஏப்ரல் 18: திரும்பும் வழி

கோடியக்கரை போய் மான் பார்ப்பதாகத் திட்டம். போகவில்லை. ‘நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க’ என்ற சொல் இரண்டு நாளாகக் காதில் இருக்கிறது. மன்னார்குடி பஸ் ஏறி, அந்த ஊரில் மறுபடி இறங்கினேன்.

டீக்கடையில் அதே பெஞ்சு. கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். பையனைக் காணோம். பெரியவரும் இல்லை. ஏதாவது ஆகியிருக்குமோ என்று வயிற்றைப் பிசைந்தது. கேட்கவும் பயம். கேட்டால் அவருக்கு இன்னும் வம்பாகுமோ என்று. ஒரு பஸ்ஸை விட்டேன். இரண்டாவது பஸ்ஸையும் விட்டேன்.

பதினொரு மணிக்குப் புல்லுக்கட்டோடு வந்தார். என்னைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றார்.

“வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன் ஐயா. உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?”

“ஒரு நாள் வேலைக்கு வேணாம்னுட்டாங்க. நேத்து திரும்பக் கூப்புட்டாங்க” என்றார், கடைக்காரர் காதில் விழாத குரலில். ஒரு நாள் கூலி. நான் கைப்பையைத் திறக்கப் போனேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டார். மறுபடி திறக்கவில்லை.

பெஞ்சிலிருந்து எழுந்து மரத்தடிக்குப் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். “ரெண்டு டீ” என்றேன். கடைக்காரர் ஒரு டம்ளரையும் ஒரு காகிதக் கப்பையும் எடுத்தார். “எனக்கும் அந்தக் கப்புலயே போடுங்க” என்றேன். அவர் கை ஒரு நொடி நின்றது. டம்ளரைத் திரும்ப வைத்துவிட்டு இரண்டு கப்பில் ஊற்றினார். பெஞ்சில் இருந்த ஒருவர் செய்தித்தாளை மடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மரத்தைக் காட்டி, 1930இல் இந்தப் பாதையில் சோறு கட்டினார்களாம் என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. “எங்க பாட்டன் சொல்லும்” என்றார். “கட்டிட்டு, ஆடு மேய்க்கிற மாதிரி தூர நின்னு பாத்துக்கிட்டு இருப்பாங்களாம். எடுத்துச் சாப்புடுறாங்களா, இல்ல காக்கா தின்னுடுதான்னு.” அவர் பாட்டன் பேரைச் சொன்னார். கடைசி பெஞ்சுப் பெண்ணே, உனக்குச் சொல்ல என்னிடம் இப்போது ஒரு பேர் இருக்கிறது. எங்கே இருந்தாலும் தொடர்பு கொள், நேரில் சொல்கிறேன்.

தூரத்தில் மன்னார்குடி பஸ் தெரிந்தது. கடைக்கு நேரே நிறுத்தம் இல்லை, சற்றுத் தள்ளித்தான். நான் பையை எடுத்துக்கொண்டு முழங்காலைப் பிடித்தபடி விரைந்தேன். பஸ் என்னைத் தாண்டிப் போய்விடும் போலிருந்தது. அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. இரண்டு நாளும் என்னிடம் மெதுவாகவே பேசிய பெரியவர், நடுரோட்டில் வந்து நின்று, துண்டைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு, கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் கத்தினார்.

“நிறுத்துப்பா! டீச்சரம்மா ஏறணும், நிறுத்து!”

பஸ் நின்றது.